உதய்நகருக்கு ஒரு தபசுகாலப் பயணம்

வியாழன் இரவு, சென்னை சென்ட்ரல்

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் கிளம்ப இன்னும் முக்கால் மணி நேரம். காலையில் முத்துநகர் எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து இறங்கி, பகலெல்லாம் மச்சினன் வீட்டில் தூங்கி எழுந்து, இப்போது பெட்டிமேல் காலைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பையில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி பதினெட்டு, அது எனக்கு. மக்ரூன் ஒரு கிலோ. அது மத்தியப் பிரதேசத்தில் நான் இன்னும் முகம் பார்க்காத சிஸ்டர்களுக்கு. தூத்துக்குடிக்காரன் மக்ரூன் இல்லாமல் வெளியூர் போனால் ஊர் மானம் போய்விடும் என்பது என் மனைவியின் கட்சி.

எதற்குப் போகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இந்தத் தபசுகாலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில், எங்கள் பங்குக் கோயிலில் மூன்று நாள் தியானம் நடந்தது. இரண்டாம் நாள் இறைஇரக்கத்தைப் பற்றிப் பேசிய சாமியார், ராணி மரியா கதையைச் சொன்னார். கேரளத்தில் பிறந்த கன்னியாஸ்திரி. பழங்குடி மக்களோடு வேலை செய்தார். 1995இல் ஓடும் பஸ்ஸில் ஒருவன் அவரைக் குத்திக் கொன்றான். பிறகு அவருடைய தங்கை சிறைக்கே போய்க் கொன்றவன் கையில் ராக்கி கட்டினார். அவன் அழுதான், இவரும் அழுதார், ஆமென்.

கோயிலில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. நான் ஒரு கூட்டுறவு வங்கியில் 31 வருஷம் கணக்கு எழுதியவன். பாக்கி நிற்கிற கணக்கை முடித்தாயிற்று என்று யாராவது சொன்னால், வவுச்சர் எங்கே என்றுதான் முதலில் கேட்பேன். எரிச்சலுக்கு வேறு காரணமும் உண்டு. அது பிறகு.

ஆக, வவுச்சர் பார்க்கப் போகிறேன்.

வெள்ளி, ரயிலில்

விஜயவாடாவில் விழிப்புத் தட்டியது. இன்று தபசுகால வெள்ளி, சுத்த போசனம், கவிச்சி கூடாது. பேன்ட்ரி காரில் வந்ததெல்லாம் முட்டை பிரியாணி. இட்லி காப்பாற்றியது.

எங்கள் வீட்டில் கர்த்தர் கற்பித்த செபம் இரண்டு விதமாக ஓடும். நான் கத்தோலிக்கன், மனைவி நாசரேத்துக்காரி, சி.எஸ்.ஐ. புராட்டஸ்டன்ட். ராத்திரி செபத்தில், ‘அனுதின உணவு’ வரைக்கும் ஏறக்குறைய சேர்ந்து போவோம். அதன்பின் நான், “எங்களுக்குத் தீமை செய்தோரை நாங்கள் பொறுப்பதுபோல எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்” என்பேன். அவள், “எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்” என்பாள். ஆமென்னில்தான் மறுபடி சேருவோம். கல்யாணமான புதிதில், “உங்க வேதத்துல கடன், எங்க செபத்துல பாவம். அதான் நான் பேங்கு வேலைக்குப் போனேன்” என்று கிண்டல் செய்ததுண்டு. ஓடும் ரயிலில், மேல் பர்த்தில் மல்லாந்து கிடந்தபோது அது கிண்டலாகப் படவில்லை.

ஏனென்றால் ராணி மரியாவைக் கொன்றதே கடன் விவகாரம்தான். அவர் உதய்நகர் வந்தது 1992இல். பழங்குடிக் குடும்பங்கள் வட்டிக்காரர்களிடமும் நிலக்காரர்களிடமும் தலைமுறை தலைமுறையாக மாட்டிக் கிடந்தன. இவர் அவர்களுக்கு அரசுத் திட்டங்களைச் சொன்னார், வங்கிக் கடன் வாங்க வழி காட்டினார், சேர்ந்து சேமிக்கப் பழக்கினார். வட்டி வாங்கித் தின்றவர்களுக்கு வயிறு எரிந்தது. ஆள் வைத்தார்கள். மூன்று வருஷம்கூட ஆகவில்லை, 1995 பிப்ரவரி 25. அப்போது அவருக்கு வயது 42.

கூலிக்குக் குத்தியவரின் பெயர் எல்லாப் பத்திரிகையிலும் வந்ததுதான். நான் இங்கே எழுதவில்லை. விடுதலையாகி ஊர் திரும்பி, பாடுபட்டுப் பிழைக்கிற மனிதர். தியானத்தில் சாமியாரும் பெயரைச் சொல்லவில்லை. அந்த ஒன்று எனக்குப் பிடித்தது.

நாக்பூர் தாண்டியதும் இருபுறமும் புரசு மரங்கள். இலை ஒன்றுகூடக் கிடையாது, பூ மட்டும், அதுவும் முடிகிற பருவம். கோயில் பீடத்தில் பெந்தெகோஸ்தே அன்று விரிக்கிற துணியின் சிவப்பு.

சனி, இந்தூர்

நேற்று எழுதியதில் ஒரு தப்பு. 1954 ஜனவரி 29இல் பிறந்தவருக்கு 1995 பிப்ரவரியில் 41 வயதுதான் நிறைந்திருக்கும். கணக்குப்பிள்ளைக்கு இது கேவலம்.

போபாலில் ராத் தங்கல், காலையில் பஸ், மத்தியானம் இந்தூர். வழியெல்லாம் கரிசல், கோதுமை அறுப்பு. எட்டயபுரத்துப் பக்கம் போவது மாதிரியே இருந்தது, பருத்திக்குப் பதில் கோதுமை. போஹாவும் ஜிலேபியும் ஒரே தட்டில் தருகிறார்கள். காலை ஆகாரத்துக்கு ஜிலேபி தின்கிற ஜனங்கள்மேல் எனக்குக் கோபமில்லை.

ராணி மரியாவுக்கு 2017 நவம்பர் 4ஆம் தேதி முத்திப்பேறு பட்டம், புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி, கொடுத்தது இந்த ஊரில்தான். கொன்றவரும் வந்திருந்தார். அந்தக் கூட்டத்தில் அவர் எங்கே உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் உட்கார்ந்தவர் என்ன செய்தார் என்பதைத்தான் ராத்திரி லாட்ஜில் யோசித்துக்கொண்டிருந்தேன். பீடத்தில் நடந்ததை யாரும் சொல்லிவிடுவார்கள்.

ஞாயிறு, உதய்நகர்

விடியற்காலை பஸ். தேவாஸ் மாவட்டத்துக்குள் நுழைந்தபின் சாலை மேடும் பள்ளமுமாக, தேக்கங்காடு இலை உதிர்த்து நிற்க, கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். எனக்கு முன்சீட்டில் ஒரு கிழவி மடியில் ஆட்டுக்குட்டி. அது என் பையை முகர்ந்து முகர்ந்து பார்த்தது. மக்ரூன் வாசனை.

இதே தடத்தில், எதிர்த் திசையில்தான் அந்த பஸ் போயிருக்கிறது. சிஸ்டர் இந்தூர் போய், அங்கிருந்து கேரளம் போவதாக ஏற்பாடு. நாச்சன்போர் மலைப்பக்கம் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி அந்த ஆள் இறங்கினார். தேங்காய் உடைத்தார். திரும்ப ஏறி, எல்லாருக்கும் சில்லுச் சில்லாகக் கொடுத்தார். அப்புறம்தான் கத்தி. வெளியே இழுத்துப் போட்டும் குத்தினார். உடம்பில் 54 காயங்கள். “இயேசு, இயேசு” என்று சொல்லிக்கொண்டே போயிருக்கிறார். பஸ் நிறைய ஆட்கள். ஒருவர்கூடக் கை நீட்டித் தடுக்கவில்லை.

தேங்காய்ச் சில்லு விஷயத்தைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. வாங்கி வாயில் போட்டவர்கள் இருப்பார்கள். மென்றுகொண்டிருக்கும்போது அது நடந்திருக்கும். குத்தியவருக்குச் சிறை, தீர்ப்பு, ராக்கி எல்லாம் வந்தது. தேங்காய் தின்றவர்கள் யாரிடம் போய்ப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள்? பஸ்ஸில் சுற்றிலும் பார்த்தேன். ஐம்பது வயதுக்கு மேல் நாலைந்து பேர் இருந்தார்கள். அப்படிப் பார்ப்பதே தப்பு என்று தோன்றி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பூசைக்கு நேரத்துக்குப் போய்விட்டேன். தபசுகாலத்து நாலாம் ஞாயிறு. சாமியார் ரோஜா நிற அங்கி போட்டிருந்தார். வருஷத்தில் இரண்டே நாள் வெளியே வருகிற அங்கி. உள்ளூரில் தையல் போட்டிருக்கிறார்கள், தோள்பட்டையில் நிறம் கொஞ்சம் மாறிய ஒட்டு. வாசகம் இந்தியில். எனக்கு அந்த மொழி கால்வாசிதான். ‘சூவர்’ என்ற சொல் காதில் விழுந்ததும் பிடித்துக்கொண்டேன்: பன்றி. ஊதாரி மகன் உவமை. சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய சின்னவனுக்கு அப்பா விருந்து வைக்கிற கதை.

எல்லாரும் சின்னவனையும் அப்பாவையும் பிரசங்கிப்பார்கள். எனக்குப் பிடித்தவன் மூத்தவன். வயலிலிருந்து வருகிறான், வீட்டில் மேளச் சத்தம், உள்ளே போகாமல் வாசலில் நிற்கிறான். இத்தனை வருஷம் உழைத்தேன், ஓர் ஆட்டுக்குட்டி உண்டா என்று கேட்கிறான். அவன் கேட்டதில் கணக்குப் பிழை ஒன்றும் இல்லை. அவன் உள்ளே போனானா இல்லையா என்று லூக்கா எழுதவும் இல்லை.

பூசை முடிந்து ராணி மரியாவின் கல்லறைப் பக்கம் போனேன். கோயிலுக்குள்ளேயே இருக்கிறது. பளிங்கு, பூ, மெழுகுதிரி. ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, முந்தானையில் முடிந்திருந்த கோதுமையைக் கைப்பிடி அளவு ஓரமாக வைத்துவிட்டுப் போனாள். செபம் சொன்னதாகத் தெரியவில்லை. புது அறுவடை போல.

மடத்தில் மக்ரூனைக் கொடுத்தேன். பெட்டியைத் திறந்தால் ஒன்றுகூட முழுசாக இல்லை, எல்லாம் தூள். பெரிய சிஸ்டர் கரண்டியால் அள்ளித் தின்றுவிட்டு, “கேஷ்யூநட்டோ?” என்றார். மலையாளி. தமிழ் ஓரளவு புரிகிறது. ஊர் மானம் பாதி தப்பித்தது.

திங்கள், நாச்சன்போர்

சிஸ்டர் ஒருவர் ஸ்கூட்டியில் முன்னே போக, நான் ஜீப்பில் பின்னே போனேன். சம்பவம் நடந்த இடத்தில் நினைவுச் சின்னம் இருக்கிறது. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு மேட்டில் ஏறுகின்றன. பக்கத்தில் இலுப்பை மரம்; கீழே பூ கொட்டிக் கிடக்க, இரண்டு சிறுவர்கள் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். இனிப்பு நெடி.

என் வவுச்சர் கேள்வியை அங்கேதான் கேட்டேன். எப்படி ஒரே நாளில் ராக்கி கட்ட முடிந்தது?

சிஸ்டர் சிரித்துவிட்டார். “ஏது ஒரு திவசம், சேட்டா?” என்று கேட்டு, விரல் மடக்கி வருஷம் எண்ணினார். கொலை 1995இல். ராக்கி 2002இல். நடுவில் ஏழு வருஷம். தன்னை ஏவிவிட்டவர்கள் கைகழுவிவிட்ட ஆத்திரத்தில், வெளியே வந்தால் அவர்களைத் தீர்ப்பேன் என்று சிறைக்குள் கறுவிக்கொண்டிருந்த மனிதர் அவர். சுவாமி சதானந்த் என்ற துறவி அங்கே போய்ப் போய்ப் பேசியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் தங்கை சிஸ்டர் செல்மி பால் போனது. ராக்கியோடும் முடியவில்லை. ஆயுள் தண்டனைக் கைதி. விடுதலைக்கு ராணி மரியாவின் குடும்பமும் அவருடைய துறவற சபையும் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தார்கள். 2006இல் வெளியே வந்தார். பிறகு கேரளம் போனார், புல்லுவழியில் ராணி மரியாவின் வீட்டு வாசலில் நின்றார். தாய் அவருடைய இரண்டு கையையும் பிடித்து முத்தமிட்டார். தன் மகளின் ரத்தம் பட்ட கைகள்.

11 வருஷம். மனு, கையெழுத்து, சிறை வாசலில் காத்திருப்பு. தியானத்தில் ஐந்து நிமிஷத்தில் கேட்டதும், கேட்டு எரிச்சல்பட்டதும் இதைத்தான்.

2006 என்றதும் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. அந்த வருஷம்தான் தமிழ்நாட்டில் கூட்டுறவுப் பயிர்க்கடன்களைத் தள்ளுபடி செய்தார்கள். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பேரேடு திருத்தினோம். விவசாயிக்கு ‘தள்ளுபடி’ ஒரே சொல். வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கினார். எங்களுக்கு அப்படி இல்லை. அவர் பக்கத்தில் கழித்த ஒவ்வொரு ரூபாயையும் இன்னொரு பக்கத்தில் ஏற்றினால்தான் ஐந்தொகை சரிவரும். அரசிடமிருந்து வரவேண்டியது என்று ஏற்றினோம். கடன் காணாமல் போகவில்லை, ஆள் மாறியது. யாரோ ஒருவர் பொறுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பொறுத்துக்கொள்ள. இந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே நின்றேன். சின்ன வயசிலிருந்து சொன்ன செபத்தில் அதுதானே இருக்கிறது. பாரம் பொறுப்பதும் பாவம் பொறுப்பதும் எங்கள் பாஷையில் ஒரே வினை. சிஸ்டரிடம் சொன்னேன். மலையாளத்தில் அவர்கள் சொல்வது ‘க்ஷமிக்கணமே’. க்ஷமை என்றால் மன்னிப்பும்தான் பொறுமையும்தான் என்றார். கோதுமை அடித்து முடித்த களத்திலிருந்து தூசி வந்து இருவர் கண்ணிலும் விழுந்தது. அழுகிறோம் என்று சிறுவர்கள் நினைத்திருப்பார்கள்.

சாயங்காலம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பதினாலு வருஷத்துக்குப் பிறகு. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், அவருக்குத் தெரிந்த இங்கிலீஷில். முழுவதையும் இங்கே எழுதப்போவதில்லை. முதல் நாள் ‘பிறகு’ என்று விட்டேனே, அதை மட்டும்.

2011இல் என் தம்பி பைக்கில் வந்தபோது லாரி மோதி இறந்தான். முப்பதாம் நாள் பூசை முடிந்து வீட்டில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. ஜாமீனில் வந்திருந்த லாரி டிரைவர் காம்பவுண்ட் கேட்டுக்கு வெளியே வந்து நின்றான். முப்பது வயது இருக்கும். கையில் பாலிதீன் பை, அதில் ஆப்பிள். கேசில் ராசியாகப் போக வக்கீல் சொல்லி அனுப்பியிருப்பான் என்றார் சித்தப்பா. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நான் கேட்டைத் திறக்கவில்லை. என்ன சொன்னேன் என்பது எனக்கு வரி வரியாக ஞாபகம் இருக்கிறது. அவன் பையைக் கீழே வைத்துவிட்டுப் போனான். நான் அதைச் சாக்கடையில் உதைத்துத் தள்ளினேன். அம்மா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்: “வெயில்ல வந்த பய. ஒரு வாய்த் தண்ணியாவது குடுத்து அனுப்பியிருக்கலாம்லா.”

பெற்றவளுக்கு இல்லாத கோபம் உனக்கு எதற்கு என்று சாமியார் கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் கேட்டது வேறு. “அந்த ஆள் இப்போது எங்கே இருக்கிறார்?” தெரியாது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கையை உயர்த்திப் பாவமன்னிப்பு ஆசீர் கொடுத்தார். இந்தியில் கொடுத்தார். எனக்கு ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

செவ்வாய், போபால்

நாள் முழுக்க பஸ். முதுகுவலி. எழுத ஒன்றும் இல்லை.

புதன், ரயிலில்

விடியற்காலை ஏறினேன். பெட்டியில் நெல்லூர்க்காரர்கள் சீட்டாடுகிறார்கள். இட்லி கிடையாது, ரயில் உப்புமாதான்.

பத்தரை மணிக்கு மேல் சிக்னல் வந்ததும் மனைவியைக் கூப்பிட்டேன்.

“தம்பி கேசு தீர்ப்பு நகல் எங்க இருக்கு?”

“பீரோவுல. அத்தை சேலைக்கு அடியில. எதுக்கு இப்பம்?”

“அந்த டிரைவரோட ஊர் அதுல போட்டிருக்கும். பார்த்துச் சொல்லு.”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

“பாக்க வேண்டாம். ஊரு எனக்குத் தெரியும்” என்றாள். “ஒட்டப்பிடாரத்துக்கு அங்கிட்டு. அத்தையும் நானும் போயிருக்கோம்.”

“எப்ப?”

“அவன் செயிலுக்குப் போயிருந்தப்ப. வீட்டுல பொண்டாட்டி மாசமா இருந்தா. அத்தை அரிசி வாங்கிக் குடுத்தாவ. ரெண்டு தடவ. உங்ககிட்ட சொல்லப்புடாதுன்னு சொல்லிட்டாவ.”

எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மா போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. இந்த ஒன்பது வருஷமும் ராத்திரி செபத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ‘கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல’ என்று இவள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

“ஏங்க, இருக்கீங்களா?”

“இருக்கேன்.”

“பொம்பளப் புள்ள பொறந்துச்சு. இப்பம் பள்ளிக்கூடம் போவா.”

நாக்பூரில் வண்டி நின்றது. நடைமேடையில் கூடை கூடையாக ஆரஞ்சு. பருவம் முடிகிற நேரம், தோல் கொஞ்சம் தளர்ந்துதான் இருந்தது. பழக்காரர் ஒன்றை உரித்துச் சுளை கொடுத்தார். தின்று பார்த்துவிட்டு இரண்டு கிலோ சொன்னேன். பாலிதீன் பையில் போடப் போனார். வேண்டாம் என்று கைகாட்டி, மக்ரூன் கொண்டுபோன அட்டைப்பெட்டியை நீட்டினேன்.